உன் ஞானத்தகப்பனுக்கு நாங்கள் பொறுப்பு

எய்யா,

கப்பல் வந்தது, உன் கடிதமும் வந்தது. ஆண்டவர் கிருபையால் எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் வீடு சுகமாக இல்லை, அதற்குக் காரணம் உன் கடிதம். கோபத்தோடு எழுதக்கூடாது என்று சில நாள் பேனாவையே தொடாமல் இருந்தேன். இன்னும் கோபம் முழுதாகப் போகவில்லை. போனது போக மீதியோடு எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருக்கும். பயிற்சி முடிந்து படுக்கும் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு மறந்துபோகாதே.

நம் வீட்டில் கடிதம் எப்படிப் படிக்கப்படும் என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. இங்கே யாருக்கும் தனிக் கடிதம் என்று ஒன்று கிடையாது. கப்பல் தபாலில் எது வந்தாலும் சாயங்கால ஜெபம் முடியும்வரை அது பைபிளுக்கு அடியில் இருக்கும். ஜெபம் முடிந்ததும் நான் உறையைக் கிழித்து உரக்கப் படிப்பேன். அப்பாவுக்குக் கண்ணாடி போட்டாலும் உன் கோழிக் கிறுக்கல் பிடிபடாது. மிஸ்திரி பின்னறையிலிருந்து வந்து தன் முக்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பிரசங்கம் கேட்பதுபோல் கேட்பார். முதலில் நான் மட்டும் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாசிக்கலாம் என்ற புத்தி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒளிக்கவேண்டிய எதையும் நீ இதுவரை எழுதியதில்லையே.

அன்றைக்கும் அப்படித்தான் படித்தேன். அங்கே சாம்பாரில் உப்பே இல்லை என்று எழுதியிருந்ததற்கு மிஸ்திரி சிரித்தார். தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள் என்றதும் தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார். அதே வேகத்தில் பக்கத்தைத் திருப்பினேன். வாய் தானாகப் படித்துக்கொண்டே போய்விட்டது. கப்பற்படைக்காக உன்னைப் பற்றி விசாரிக்க வீட்டுக்குப் போலீஸ் ஆள் வருவார் என்று எழுதியிருந்தாய். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். சீனாக்கார முகத்தோடு ஒருவர் நம் பின்னறையில் இருப்பது தெரிந்தால் ஆயிரம் கேள்வி வரும். கட்சால் தீவில், சிலோனிலிருந்து வருகிறவர்களுக்கு ரப்பர் தோட்டத்தில் வீடு கட்டுகிறார்கள், தச்சர்கள் தேவைப்படுகிறார்களாம். விசாரணை முடியும்வரை மிஸ்திரியை அங்கே அனுப்பிவிடுங்கள். அதற்குக் கீழே, "நாடுதான் முதலில் அம்மா, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்" என்று ஒரு வரி. அந்த வரியில்தான் எனக்கு வாய் நின்றது. நிற்கவேண்டிய இடம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

மிஸ்திரிதான் முதலில், தங்கச்சி என்று ஹிந்தியில் கூப்பிட்டுப் பேசினார். "ஏன் நிறுத்திட்டீங்க பெஹன்? படிங்க, பூரா படிங்க" என்றார். மீதி இரண்டு வரியையும் படித்தேன். நீ அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லியிருந்தாய். அதைக் கேட்டுக்கொண்டு, "பச்சா டீக் எழுதிருக்கான், சரிதான். நேவின்னா சும்மாவா? நம்ம மூஞ்சிய இனிமே மாத்த முடியுமா? கட்சாலுக்கு அடுத்த ஜஹாஸ் எப்போ பாய்?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா, "கஞ்சி ஆறுது மிஸ்திரி, சாப்பிட வாரும்" என்று மட்டும் சொன்னார். காலையில் நான் எழுந்து பார்த்தபோது பின்வாசலில் அவருடைய தச்சுப் பெட்டி, கப்பல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டப்பட்டு இருந்தது. பக்கத்தில் சுருட்டிய பாய். எனக்கு நெஞ்சு எரிந்தது, எய்யா. நீ அதைச் செய்தாய் என்பதைவிட, நான் என் வாயால் அதை அவருக்குப் படித்துக் காட்டினேனே என்பதுதான் எரிந்தது.

நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து இந்த மரைன் ஹில் மேட்டில் நின்று, துறைமுகத்துக்கு வரும் போர்க்கப்பலையெல்லாம் பார்த்து ஏங்கினவன் நீ. இப்போது கைக்கு எட்டியிருக்கிறது, அதை ஒருவர் முகத்துக்காக இழக்க மனசு வராது. உன் இடத்தில் நான் இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனால் உனக்குத் தெரியாத இரண்டு சங்கதி இருக்கிறது. உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அப்பா தடுத்து வைத்திருந்தார். இனி தடுத்துப் பிரயோஜனமில்லை.

மிஸ்திரி உன் ஞானத்தகப்பன் என்பது உனக்குத் தெரியும். எப்படி ஆனார் என்பது தெரியாது. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் தாய்மாமன்தான் ஞானத்தகப்பன், அதில் பேச்சே இல்லை. உன் மாமா வருவதற்காகக் காத்திருந்தோம். அதற்குள் உனக்கு மலேரியா கண்டது. அந்தக் காலத்தில் இங்கே மலேரியா என்றால் விளையாட்டு இல்லை. நீ பால் குடிப்பதை நிறுத்திவிட்டாய். போதகர் மறுநாள் வடக்கே கப்பல் ஏறுவதாக இருந்தார், திரும்ப எத்தனை நாள் ஆகுமோ. உன்னைத் துணியில் சுற்றிக்கொண்டு நானும் அப்பாவும் கோயிலுக்கு ஓடினோம். அங்கே பெஞ்சுக்குக் கால் மாற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். அவர்தான் சாமுவேல் மிஸ்திரி. அதற்கு முன்னால் எங்களுக்கு முகப்பழக்கம் மட்டும்தான். அவருடைய அப்பா ரங்கூனில் சீனத் தச்சர், அம்மா அங்கே கரேன் இனத்துக் கிறிஸ்தவப் பெண். மரவேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்டவர்.

போதகர், "பிள்ளைக்கு யார் பொறுப்பு சொல்கிறார்கள்?" என்று கேட்டார். எங்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? அப்பா திரும்பி மிஸ்திரியைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே போய்க் கையிலிருந்த மரத்தூளை நன்றாகக் கழுவிவிட்டு வந்து உன்னை வாங்கிக்கொண்டார். பிள்ளையின் பேரில் கேட்கப்பட்ட கேள்விக்கெல்லாம், தமிழும் ஹிந்தியுமாக, உரத்த குரலில் பதில் சொன்னார். நீ பிழைத்தாய். அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவர் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்து, வாசலிலேயே நின்று, "பச்சா டீக் ஹை?" என்று பிள்ளை சுகத்தைக் கேட்டுவிட்டுப் போவார். உனக்குப் பேச்சு வந்ததும் பரமண்டல ஜெபம் சொல்லிக் கொடுத்தது அவர்தான். நீ அதைப் பாதி ஹிந்தியில் சொல்ல, ஊரிலிருந்து வந்திருந்த உன் மாமா முகத்தைச் சுளித்தார். "ஒரு நல்ல குடும்பத்து ஆளு கிடைக்கலையாக்கும்" என்றார். ஊரில் யார் யாரோடு உட்காருவது, யார் முன்னால் போவது என்று கோயிலுக்குள்ளேயே வரிசை வைத்திருந்தவர்கள் நாம். கடலைத் தாண்டி வந்தால் அதெல்லாம் கரைந்துபோய்விடும் என்று நான் நினைத்திருந்தேன்.

கரையவில்லை என்று சீனாச் சண்டை வந்தபோது தெரிந்தது. அப்போது நீ பள்ளிக்கூடம் போகிற பையன், மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு லெஃப்ட் ரைட் போடுவதே உன் வேலை. ரேடியோவில் நம் பிள்ளைகள் பனியில் சாகிறார்கள் என்று கேட்டு நான் அழுதிருக்கிறேன். யுத்த நிதிக்கு என் கல்யாண வளையலைக் கழற்றிக் கொடுத்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். அதே வாரம் கோயிலில் அறுப்பின் பண்டிகை. வருஷா வருஷம் மிஸ்திரி படாக் மரத்தில் ஒரு முக்காலி செய்து காணிக்கையாக வைப்பார். ஏலத்தில் அதற்குத்தான் போட்டி நடக்கும், பூசணிக்காய் வாங்க வந்தவர்கள்கூடக் கேட்பார்கள். அந்த வருஷம் அதைத் தூக்கிக் காட்டினார்கள். சபை மொத்தமும் கூரையைப் பார்த்தது. ஏலம் போட்டவர் திரும்பத் திரும்பக் கூவினார், ஒரு வாய் திறக்கவில்லை. மிஸ்திரி தூண் பக்கம் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா ஒரு விலை கேட்டார். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? தான் கேட்ட விலைக்கு மேல் தானே கேட்டார். ஏலம் போட்டவர், "அண்ணாச்சி, போன கேள்வியும் உங்களுதுதான்" என்றார். "இருக்கட்டும், இவ்வளவு குறைச்சலுக்குப் போகிற சாமானா இது?" என்று சொல்லி இன்னொரு தடவை ஏற்றினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், இருந்த காசெல்லாம் போகிறதே என்று. அப்பா தன்னந்தனியாகத் தன்னோடு போட்டி போட்டு, அந்த முக்காலியை வழக்கமாகப் போகிற விலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் வாங்கினார். இந்தத் தடவை மிஸ்திரி உன் கடிதத்தைக் கேட்க உட்கார்ந்திருந்தது அதே முக்காலியில்தான்.

அடுத்த வாரம் அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சீனர் வம்சத்தில் வந்தவர்களையெல்லாம் விசாரித்த சமயம் அது. அவரிடம் எந்த நாட்டுக் காகிதமும் இல்லை. ஜப்பான்காரன் இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்தபோது சீனன் என்று சொல்லி அவரை அடித்தார்கள். நம் ராஜ்யம் வந்தபிறகும் அவர் சீனனாகவே இருந்தார். இங்கே பிறந்து வளர்ந்த ஆள், இல்லையென்றால் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற ஆள், யாராவது ஒருவர் வந்து பொறுப்பேற்றால் அவர் இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் கப்பலில் மெயின்லேண்டுக்கு அனுப்பி முகாமில் வைப்பார்கள் என்று சொன்னார்கள். சபையில் உத்தியோகஸ்தர்களுக்குப் பஞ்சமா? எல்லோருக்கும் அன்றைக்கு ஏதோ வேலை இருந்தது. அப்பா துறைமுக லாஞ்ச் ஓட்டுகிற சாரங்கு. துறைமுகத்தில் வேலை செய்கிறவன் இந்தக் காரியத்தில் தலையிடலாமா என்று நான்தான் சண்டை பிடித்தேன். "பிள்ளைகுட்டிக்காரர் நீங்க. ஜெபம் பண்ணுவோம், போதும்" என்றேன். பொய் சொல்லமாட்டேன், எனக்கு அவ்வளவு பயம்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "அன்னைக்குக் கோயில்ல அவரு யோசிச்சாரா? கையக் கழுவிட்டு வந்து புள்ளய வாங்குனாரு. இப்ப என் முறை" என்றார். நானும் கூடவே போனேன். அந்த அதிகாரி மரியாதையான மனுஷர், உட்காரச் சொன்னார். "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று ஹிந்தியில் கேட்டார். அப்பா, "என் மகனுக்கு இவர் ஞானத்தகப்பன்" என்று சொன்னார். அது என்ன உறவு என்று அவருக்குப் புரியவில்லை. ரத்த சம்பந்தமா, கல்யாண சம்பந்தமா என்று கேட்டார். அப்பாவின் ஹிந்தி உனக்குத்தான் தெரியுமே, லாஞ்சில் கற்றது. "சாஹப், மேரா பச்சா கே லியே யே ஆத்மி குதா கே சாம்னே ஜவாப் தியா. ஆஜ் இஸ்கே லியே மே ஜவாப் தேகா" என்றார். என் பிள்ளைக்காக இவர் கடவுள் முன்னால் பதில் சொன்னார், இன்றைக்கு இவருக்காக நான் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான். அதிகாரி, "யோசித்துச் சொல்லுங்கள், உங்கள் வேலைக்கு இடைஞ்சல் வரலாம்" என்று நல்லபடியாகத்தான் எச்சரித்தார். அப்பா யோசிக்கவில்லை. மிஸ்திரி எங்களோடு வீட்டுக்கு வந்தார்.

இடைஞ்சல் வந்தது. துறைமுக லாஞ்சிலிருந்து அப்பாவை எடுத்து, பாராடாங் தீவில் மரக்கட்டை இழுக்கிற படகுக்கு அனுப்பினார்கள். உன் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அப்பா இல்லாமல் போன வருஷங்கள் அவைதான். மேலே வரவேண்டிய உத்தியோகமும் வரவில்லை, அவருக்குக் கீழே இருந்தவர்கள் மேலே போனார்கள். நீ பெரியவனானதும் ஒருநாள், "அப்பாவுக்கு மேலதிகாரிகிட்ட பேசத் தெரியல, அதான் இப்படியே கிடக்காரு" என்று சொன்னாய். அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் சொல்ல வாயெடுத்தேன், கண்ணால் அடக்கிவிட்டார். மிஸ்திரிக்குத் தெரிந்தால் அவர் இந்த வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிடமாட்டார் என்பது ஒரு காரணம். "புள்ளைக்கு ஞானத்தகப்பன் பாரமாத் தெரியக்கூடாது" என்பது இன்னொன்று. அப்பா பாராடாங்கில் கிடந்த அத்தனை நாளும் நம் வீட்டு விறகையும் தண்ணீரையும், ஒழுகுகிற கூரையையும் பார்த்துக்கொண்டது யார் என்று உனக்கே நினைவிருக்கும்.

நீ நாட்டுக்காகப் போவதை நான் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நீ சீருடையில் எடுத்து அனுப்பின போட்டோவை அப்பா வேலை செய்கிற இடத்துக்கே எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தார். சீனாச் சண்டைக்கு அப்புறம் வந்த யுத்தத்தில் ஊர் முழுக்க விளக்கை அணைக்கச் சொன்னபோது, இந்த மேட்டில் உள்ள ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துக் கொடுத்ததும் மிஸ்திரிதான். நாடு என்னிடம் வளையலைக் கேட்டது, கொடுத்தேன். உன்னைக் கேட்கிறது, கொடுத்திருக்கிறேன். கடல் நடுவே உன் உயிரையே கேட்டாலும் என்னால் தடுக்க முடியாது, அழத்தான் முடியும். ஆனால் ஒரு மனுஷனை வீட்டுப் பின்வாசல் வழியாக வெளியே விடு என்று கேட்டால் அதை நான் கொடுக்கமாட்டேன். அது என்னுடையது இல்லை, கொடுப்பதற்கு. கோயிலில் ஆண்டவர் முன்னால் சொன்ன வார்த்தை அது, அதற்கு மேலே வேறு கொடி ஏற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. இத்தனைக்கும் நாடு இன்னும் உன்னிடம் அப்படிக் கேட்கவே இல்லை. கேட்டுவிடுமோ என்று நீயாகப் பயந்து, கேட்கும் முன்னாலேயே கொடுக்கப் பார்க்கிறாய். அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

நம் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் உன் அப்பா எழுந்திருக்கவே மாட்டார், தெரியுமே. காய்ச்சல் போனது, பரீட்சையில் பாஸானது என்று மற்றவர்கள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பார். எனக்கு அது குறையாக இருந்தது. அவருக்கு இருந்த சாட்சியெல்லாம் அந்த ஸ்டேஷன் மேஜைக்கு முன்னால், அரைகுறை ஹிந்தியில், ஒரே தடவையில் சொல்லி முடித்துவிட்டார் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

இப்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன விசாரணைக்கு ஆள் வந்துவிட்டார். சின்னப் பையன், மெயின்லேண்டிலிருந்து புதுசாக வந்தவர் போல. கட்சால் கப்பலுக்கு இன்னும் நாள் இருந்ததால் மிஸ்திரி இங்கேதான் இருந்தார். வாசலில் ஆள் சத்தம் கேட்டதும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பையன் அப்பா பெயர், என் பெயர், எந்த ஊர் என்று எல்லாம் எழுதிக்கொண்டு, "ஔர் கோயி ரெஹ்தா ஹை, அம்மாஜி?" என்று கேட்டார். வேறு யாராவது இந்த வீட்டில் இருக்கிறார்களா என்று. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். உன் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது, எய்யா. நீ பால் குடிக்காமல் கிடந்த முகம்.

"மிஸ்திரி, டீ ஆறிப்போகுது, வாங்க" என்று பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். கதவு திறந்தது. அவர் வந்து நின்று, முதலில் என்னைத்தான் பார்த்தார், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிற பார்வை. நான் அந்தப் பையனிடம், "இவர் சாமுவேல் மிஸ்திரி. என் மகனுக்கு ஞானத்தகப்பன். இந்த வீட்டில்தான் இருக்கிறார், இனிமேலும் இருப்பார்" என்றேன். அவர் பேனாவைப் பிடித்தபடி தயங்கினார். "லிக்னா படேகா, அம்மாஜி" என்றார், எழுதத்தான் வேண்டியிருக்கும் என்று. "எழுதுங்க தம்பி, நல்லா எழுதுங்க" என்றேன். எழுதினார். மிஸ்திரியிடம் சில கேள்விகள் கேட்டார், போகும்போது அவருக்கும் கைகூப்பிவிட்டுத்தான் போனார். சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னேன், இன்னைக்கு நீ சொல்லிட்ட" என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்துத் தண்ணீர் மொண்டு வந்தார்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். இதனால் ஒன்றும் ஆகாமலும் போகலாம், உன் வேலை போனாலும் போகலாம். போனால், தாயால் போனது என்று நீ தாராளமாகச் சொல்லிக்கொள். நான் உன்னை மறுக்கமாட்டேன். வேலை போன மகனாக நீ கப்பலிலிருந்து இறங்கினாலும் துறைமுகத்தில் நானும் அப்பாவும் நிற்போம். உன் பெட்டியைத் தூக்க மூன்றாவது ஆளும் நிற்பார்.

ஆனால் அந்த மூன்றாவது ஆள் இன்னும் தன் பெட்டியை அவிழ்க்கவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன், அப்பா சொல்லிப் பார்த்தார். கட்சால் கப்பல் போய்விட்டது, அவர் ஏறவில்லை, அந்த மட்டும் சரி. ஆனால் உளி வேண்டும் என்றால்கூடப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குகிறார், கயிற்றைத் தொடமாட்டேன் என்கிறார். "நீங்க சொன்னா போதாது பெஹன். பச்சா சொல்லட்டும்" என்கிறார். பெட்டி பின்வாசலில் கட்டினபடியே இருக்கிறது. தினமும் நான் அதைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போகிறேன்.

அதனால் உடனே பதில் எழுது. உன் கடிதம் வந்ததும் வழக்கம்போலப் பைபிளுக்கு அடியில் வைப்பேன். நான் மட்டும் முன்னாலேயே பிரித்துப் பார்க்கப் போவதில்லை. ஜெபம் முடிந்ததும் அவர் அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், அவர் கேட்க, உரக்கப் படிப்பேன். அதை நினைத்துக்கொண்டு எழுது, எய்யா.

உன் அம்மா